வெளிர்வாலன்

இது நான் வெட்டியதுதானா. நேற்று வெட்டியதாக இருக்க முடியாது, வெட்டுவாய் மூடிக்கொண்டு நுனியில் கசகசா மாதிரி ஒரு வெள்ளை மொட்டு கிளம்பியிருக்கிறது, அது கிளம்பவே ஒரு வாரமாவது ஆகும், அப்படியென்றால் போன வாரம் வெட்டியது, போன வாரம் என்றால் அந்த மழை பெய்த நாளா அதற்கு மறுநாளா, எனக்கு நாட்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன, பகலில் தூங்குகிறவனுக்கு நேற்று எது இன்று எது என்று பிரிக்கிற கோடே கிடையாது. ஆனால் வெட்டியதுதானா என்பதே இன்னும் முடிவாகவில்லையே, அதற்குள் எந்த நாள் என்று ஏன் ஓடுகிறேன். நண்டு கிள்ளியிருக்கலாம். கொக்கு கொத்தி இழுத்ததில் பாதி போயிருக்கலாம். எனாமல் தட்டில் கொஞ்சம் கடல்தண்ணீர், அதில் இந்த அரைப்புழு, பழுப்பு உடம்பு, முதுகின் இரண்டு ஓரத்திலும் சிவப்புச் சீப்பு மாதிரி செவுள், அப்புறம் திடீரென்று ஒன்றுமில்லை, ஒரு மொட்டு. வெயில் ஏறிவிட்டது. கண் எரிகிறது. ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்து முகத்துவாரத்து மணலில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் நான் வேலை செய்கிற, இறால்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியின் சுவர், சுவருக்கு அடியிலிருந்து வருகிற கழிவுநீர்க் குழாய், குழாய்க்கு முன்னால் கடல் வற்றிப் பின்வாங்கியதில் வெளியே வந்த ஈரமணல், அந்த மணலுக்குள்தான் என் வெளிர்வாலன் இருக்கிறது. தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள், கடல்புழு ஆராய்ச்சி செய்கிற ஹெப்சிபா மேடம் ஜீப்பில் வந்துவிடுவார்கள். இன்றைக்குப் பிடிப்பதை வைத்து எழுதி அனுப்பிவிட்டால் உலகத்துக்கே புதிய புழு என்று அது ஏறிவிடும், என் பேரோடு. அவர்கள் வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், தட்டில் கிடப்பது வெளிர்வாலனின் குட்டியா, ஊனப்பட்ட ஒன்றா, அல்லது வெளிர்வாலன் என்று ஒன்று எப்போதுமே இல்லையா.

வெளிர்வாலன் என்பது நான் வைத்த பேர், புத்தகத்தில் வரப்போகிற பேர் வேறு. முதலில் கண்ணில் பட்டது போன கோடையில், இதே இடத்தில்தான், இதே இடத்தில் மட்டும்தான், அதைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை பார். முன்பக்கம் கன்னியம்மா தோண்டிக் கொண்டுவந்து ஹேச்சரிக்குப் போடுகிற தூண்டில்புழு போலவே இருந்தது, பாதிக்கு அப்பால் சட்டென்று நூலாகச் சிறுத்து, நிறம் வெளுத்து, செவுளே இல்லாமல் ஒரு வால், வேறு யாருடைய உடம்பையோ கொண்டுவந்து ஒட்டவைத்தது மாதிரி. அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்கவில்லை. அந்தப் புழுவை ஸ்பிரிட்டில் போட்டேன், அது துடித்துத் தன்னைத்தானே துண்டு துண்டாக உடைத்துக்கொண்டது, பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் எது தலை எது வால் என்றே தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது எனக்கு, ஒரு புழுவுக்காக அழுகிறவனை யார் என்ன சொல்வார்கள். கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு விட்டால் மயங்கி நீட்டிப் படுத்துக்கொள்ளும், அப்புறம் மருந்தில் போடலாம் என்று மேடம் வந்துதான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு யாரும் எதையும் அதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடைக்குப் போட்ட விலங்கியல் புத்தகம், அகராதி, ஆசாரி நகை பார்க்கிற லென்ஸ், அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். அதில் எந்தப் பாடம் விட்டுப்போயிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும், கிழிந்துபோன பக்கத்தில் என்ன இருந்தது என்று புத்தகம் சொல்லுமா. ஒருவேளை இதுதான் அந்தப் பக்கத்தில் இருந்ததோ என்னவோ.

உள்ளே, இருட்டாக்கி வைத்த தொட்டிகளில் தாய் இறால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்தான், இன்னொன்றை நசுக்கி எடுத்துவிடுவார்கள், அப்போதுதான் சீக்கிரம் முட்டை வைக்கும். ஏன் என்று கேட்டேன், "கண்ணுக்குள்ளதான்யா பிரேக்கே இருக்குது" என்றான் டெக்னீஷியன். அந்த ஒற்றைக்கண் தாய்களுக்குப் புழு வெட்டிப் போடுவது என் வேலை. தலைப்பக்கம் போடக்கூடாது, உள்ளே கறுப்பாகக் கெட்டித் தாடை இருக்கிறது, இறாலின் வாயைக் குத்தும் என்பது அவன் போட்ட சட்டம். தலையைப் பிடி, கத்தரி, பின்பாதி தொட்டிக்கு, முன்பாதி பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளிக்கு. அந்த வாளிக்குள் நான் ஒரே ஒருதரம் எட்டிப் பார்த்தேன். நுரைக்கு நடுவில் தலைகள் தாடையைத் திறந்து திறந்து எதையாவது கடிக்கப் பார்க்கின்றன, கிடைத்தது பக்கத்துத் தலை, அதைக் கடிக்கின்றன. அதற்கப்புறம் வாளியைக் கரைத்து வைப்பேன், பார்க்கிறவர்களுக்காக, தலைகளை மட்டும் தரை கழுவுகிற தண்ணீரோடு காலால் தள்ளி வாய்க்காலில் விட்டுவிடுவேன். சாகப்போவதுதானே, கடலில் போய்ச் சாகட்டும் என்று. சாகும் என்றுதான் நினைத்தேனா. பிழைக்கும் என்று நினைத்தேனா. ஒன்றும் நினைக்கவில்லை, காலால் தள்ளினேன், தூக்கக் கலக்கத்தில் ஒருத்தன் காலால் தள்ளுவதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும். வாய்க்கால் குழாய்க்குப் போகிறது, குழாய் இங்கே வருகிறது. இதோ என் காலுக்குப் பக்கத்தில். இது எனக்கு இன்று காலையில்தானா தெரியும், தினமும் இந்தக் குழாயைத் தாண்டித்தானே வருகிறேன், தெரிந்தும் தெரியாமலும் ஒருத்தன் இருக்க முடியுமா, ஒரு கண்ணை எடுத்துவிட்டது மாதிரி. புதுச்சேரியில் சட்டைக் கம்பெனியில் நான் காலர் வெட்டியவன், அதுவும் ராத்திரி ஷிப்டுதான், அளவுநாடா வைக்காமல் வெட்டினாலும் நூறு காலரை அடுக்கினால் ஓரம் பிசகாது, "இவன் கட்டைவிரல்ல ஸ்கேல் ஒட்டியிருக்கான்" என்பார் மேஸ்திரி. அந்தக் கைதான் இது. அந்தக் கட்டைவிரல்தான். காலையில் கத்தரித்து முடித்துவிட்டு வெட்டுகிற தட்டைப் பார்த்தேன், தலைகள் வரிசையாகக் கிடந்தன, ஒரே அளவு, காலர் மாதிரி. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. இங்கே வந்து முதல் கொத்திலேயே இந்த மொட்டுக்காரன் வந்தான், அப்போதுதான் அந்தத் தட்டும் காலர் வரிசையும் ஞாபகம் வந்தன.

ஒரே இடத்தில் என்றுதான் மேடமும் சொன்னார்கள். அந்த வார்த்தையில்தான் எல்லாமே நிற்கிறது. மேடம் திருநெல்வேலிப் பக்கம், என்னை அண்ணாச்சி என்பார்கள், எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர், முதல்தரம் கூப்பிட்டபோது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். "அண்ணாச்சி, நானும் மொதல்ல வாலு அறுந்து முளைச்சிருக்குன்னுதான் நெனச்சேன், இந்தப் புழுவெல்லாம் அறுந்தா முளைக்கிற சாதிதான. ஆனா கொக்கு கொத்துனா ஒண்ணுக்கு இங்க, இன்னொண்ணுக்கு அங்கன்னு இருக்கணும்லா? இது எடுத்த எல்லாத்துக்கும் ஒரே இடத்துல மாறுது பாத்தியளா. கணுவ எண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணு ரெண்டுதான் முன்னப்பின்ன. அப்ப இது ஒடம்புக்குள்ளயே எழுதியிருக்கு அண்ணாச்சி." நான் தலையாட்டினேன். சந்தோஷத்தில் ஆட்டினேன். அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது, கண்டுபிடிச்சது நீங்க, உங்க பேரைத்தான் வைக்கணும், தணிகாசலம்ங்கற பேருக்குப் பின்னால லத்தீன்ல ஒரு வால் சேப்போம் என்று. வீட்டுக்கு வந்து தெய்வானையிடம் சொன்னேன். "புழுவுக்கா? உம் பேரயா?" என்றாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன், நான் சொல்கிற எதற்கும் அவள் சிரிக்கிறவள்தான், சிரிப்பதே நல்லதுதான், ஆனால் சிரிக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, "முழுப் பேரயுமா, பாதியா?" என்றாள். முழுசாக என்றேன். மறுநாள் தூக்கத்தில் இருக்கும்போது தெருக்குழாயில் அவள் குரல் கேட்டது, "எங்க ஊட்டுக்காரரு பேருல கடலுக்குள்ள ஒண்ணு கீதாம், கவர்மெண்டு புஸ்தகத்துல வருதாம்." கவர்மெண்டு இல்லை என்று எழுந்துபோய்த் திருத்தியிருக்கலாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். இத்தனை வயதில் என்னைப் பற்றி ஒரு குழாயடியில் அவள் தலையை நிமிர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"என்னா வாத்தியாரே, ஊட்டுக்குப் போயி தூங்காம புழுவுக்குத் தாலாட்டு பாடிக்கினு கீறியா?" கன்னியம்மா. முள்கொத்து ஒரு கையில், தூக்குவாளி ஒரு கையில், முழங்கால்வரை சேறு. ஹேச்சரிக்குப் புழு தோண்டுகிறவள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு கேலி வேண்டும். நான் தட்டைக் கையால் மறைத்தேன், ஏன் மறைத்தேன், அவளுக்கு என்ன தெரியப்போகிறது. கேட்கலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது, "கன்னியம்மா, இந்த வெள்ள வாலு புழு, கம்பெனி வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்துச்சா?" "இருந்துச்சே," என்றாள் உடனே. நெஞ்சில் எதுவோ திறந்துகொண்டது. அப்படியென்றால் குழாய்க்கு முன்னாலேயே, என் கத்தரிக்கு முன்னாலேயே. "நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ கண்ணால பாத்தியா?" "பாக்காம? மண்ணுக்குள்ள எதுதான் இல்ல." "இந்த எடத்துலயா?" "இந்த எடம், அந்த எடம், எல்லா எடமும்தான். ஏன், இல்லன்னு சொல்லணுமா? உனுக்கு எது வேணுமோ சொல்லு வாத்தியாரே, அதையே சொல்றேன். ஜீப்புல வர்ற அம்மா கேட்டாலும் அதையே சொல்லிட்றேன்." திறந்தது மூடிக்கொண்டது. அவள் குனிந்து என் கையை விலக்கித் தட்டைப் பார்த்தாள். "ஐய, இது புள்ளத்தாச்சி. பின்னாடி வெள்ளையா வர்றது குட்டி. அது பெருசானதும் தனியாப் பூடும்." அதுவும் இல்லாததில்லையே, வாலிலேயே குட்டி வளர்ந்து பிரிந்துபோகிற புழு உண்டு என்று அந்த எடைக்குப் போட்ட புத்தகத்தில் நானே படித்திருக்கிறேன், படம்கூட இருந்தது, ஆனால் அது வேறு குடும்பம், வேறு குடும்பம்தானா, இவற்றின் குடும்பத்தை யார் கண்டது. வெட்டு, கொத்து, குட்டி, புது இனம், நான்கும் தலைக்குள் ஒரே தட்டில் கிடந்து நெளிகின்றன. "உனுக்குத்தான் தெரியுமே," என்று அவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், "அறுந்த புழுவ எடுத்தாந்தா உங்க கம்பெனியில திருப்பி உட்டுட்றாங்க, முழுசா வேணுமாம். முழுசா வாங்கிக்கினு போயி உங்கிட்டக் குடுத்து வெட்டுறாங்க. இன்னா கூத்துய்யா இது." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். முள்கொத்தைத் தண்ணீரில் அலசுகிற சத்தம் வெகுதூரம் கேட்டது, வெகுதூரமா, காதுக்குள்ளேயேவா.

பாதி உடம்பு புதிதாக முளைத்துவிட்டால் அது பழைய புழுவா புதிய புழுவா. அதை யார் தீர்மானிப்பது. என் உடம்பிலும்தான் தோல் உரிகிறது, நகம் வளர்கிறது, மில்லில், சட்டைக் கம்பெனியில், ரொட்டிக் கடையில், இங்கே என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாதி அறுந்து ஒரு பாதி முளைத்த ஆள்தானே நான், எந்த இடத்தில் மாறினேன் என்று யாராவது கணு எண்ணிப் பார்த்தால் என்ன சொல்வார்கள். இல்லை, இப்படி யோசிப்பது நழுவுவது. கேள்வி சின்னது. சொல்வதா, விடுவதா. விட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அச்சில் வரும், மேடத்தின் தற்காலிக வேலை நிரந்தரமாகும், தெய்வானை குழாயடியில் நிமிர்ந்து நிற்பாள். அப்புறம் ஒருநாள் எங்கோ ஒரு தேசத்தில் ஒருத்தன் இந்தப் புழுவை வாங்கிப் பார்த்துவிட்டு, இது வால் முளைத்த தூண்டில்புழு என்று ஒரே வரியில் எழுதுவான், அந்த வரி மேடத்தின் பேர்மேல்தான் விழும், என் பேர்மேல் விழாது, நான் யார், நான் வெறும் புழுவின் பேர். அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள். ஆனால் ஒருவேளை நிஜமாகவே புதிதாக இருந்தால்? நான்தான் அவசரப்பட்டு, தூக்கமில்லாத மூளையால், இருக்கிற ஒன்றை இல்லாமல் ஆக்கிவிட்டால்? தூங்காதவனுக்குத் தோன்றுவதெல்லாம் நிஜமில்லை, போன மாதம் தொட்டிச் சுவரில் என் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன், இறாலுக்குத் தீனி போடாமல் என்னடா வேடிக்கை என்றாள், அதையும்தான் கண்ணால் பார்த்தேன். தட்டைச் சாய்த்தேன். நான்தான் சாய்த்தேனா, கை தானாகச் சாய்ந்ததா, தண்ணீரோடு மொட்டுக்காரன் மணலில் விழுந்தான், ஒரு கணம் படுத்துக் கிடந்தான், தலையை ஊன்றினான், உடம்பைச் சுருக்கி, நீட்டி, சுருக்கி, உள்ளே போய்விட்டான். மேலே ஒரு சின்னக் குழி. குழியில் தண்ணீர் நிரம்பியது. குழி இல்லை. நிம்மதியாக இருந்தது, உடனே பயமாகவும் இருந்தது, இருந்த ஒரே அத்தாட்சியும் போய்விட்டது, இனி உண்மையைச் சொன்னாலும் கையில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, சொல்லாவிட்டாலும் கேட்பதற்கு யாருமில்லை. இரண்டு கையாலும் மண்ணை அள்ளினேன். சிப்பி. வேறு சிப்பி. ஒரு நண்டு. ஒரு வளைக்குள் போனவனை எங்கே என்று தேடுவது, எல்லா மண்ணும் ஒரே மண்ணாக இருக்கிறது.

ஜீப் சத்தம் கேட்டபோது முழங்கைவரை மண்ணுக்குள் இருந்தேன். "அண்ணாச்சி! நீங்க முன்னாலயே ஆரம்பிச்சிட்டியளா, என்னய விட்டுட்டு?" ஹெப்சிபா மேடம் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள், படித்தவர்கள் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை, அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் கையை மண்ணிலிருந்து உருவித் துடைத்துக்கொண்டேன். அப்புறம் சொல்லலாம். முதல் புழு வந்ததும் சொல்லலாம். தண்ணீர் ஏறட்டும், தோண்ட முடியாமல் போகட்டும், தானாக நின்றுவிடும். கடலைப் பார்த்தேன், அது அசையவே இல்லை. மேடம் குழாய்க்கு முன்னால் மண்டியிட்டுக் கொத்தினார்கள், பேசிக்கொண்டே கொத்தினார்கள், வழியில் பஞ்சர், டிரைவர் தம்பிக்குக் கல்யாணம், எனக்கு ஒன்றும் உள்ளே போகவில்லை. "இங்க வாங்க, இங்க வாங்க, ராசா மாதிரி ஒண்ணு!" கண்ணாடித் தட்டில் அது முழு நீளத்துக்கும் கிடந்தது. அழகாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், பழுப்புக்கு அப்பால் அந்த வெள்ளை வால் தண்ணீரில் தன் பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது, பொய் என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. மேடம் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்துச் சொட்டுக்குழாயை அழுத்தினார்கள், கிராம்பு வாசனை, மயங்கும், நீட்டிப் படுக்கும், அப்புறம் மருந்து, அப்புறம் அச்சு, அப்புறம் எப்போதுமே மாற்ற முடியாது. "போடாதீங்க மேடம்." என் குரல்தானா அது. "என்ன அண்ணாச்சி?" "தைலம் போடாதீங்க. உயிரோட வச்சுப் பாருங்க. ரெண்டு மூணு மாசம்." "எதுக்கு?" "வாலு கறுத்துரும். செவுளும் வரும். வந்தா இது தூண்டில்புழுதான்." மேடம் சொட்டுக்குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு நுனியில் தொங்கியது. "அப்ப எல்லாத்துக்கும் ஒரே இடத்துல இருக்கே, அண்ணாச்சி," என்றார்கள், மெதுவாக, அது அப்படியே இருக்கட்டும் என்று என்னிடம் கேட்கிற மாதிரி. "அது என் கை மேடம்," என்றேன். "தொட்டிக்கு வெட்டுறது நான்தான். தலையெல்லாம் இந்தக் குழாயிலதான் வருது."

கத்துவார்கள் என்று நினைத்தேன். குழாயைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், அப்புறம் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள், பேண்டெல்லாம் நனைய. "எல்லாமுமா?" "தெரியல மேடம். எல்லாமும்னுதான் நெனக்கிறேன். கன்னியம்மா முன்னயே இருந்துச்சுன்னு சொல்றா. அவ எதுன்னாலும் சொல்லுவா. எனக்குத் தெரியல." "உங்களுக்குத் தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அலை எங்கள் கால்வரை வந்துவிட்டுப் போனது, ஏற்றம் தொடங்கிவிட்டது. சொட்டுக்குழாயைப் புட்டிக்குள் திருப்பி விட்டு மூடினார்கள், ஜீப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துவந்து பாதிவரை ஈரமணல் போட்டு, கடல்தண்ணீர் ஊற்றி, தட்டை அதில் கவிழ்த்தார்கள். "லேப்ல வச்சா ஏசியில செத்துரும். நீங்களே வீட்ல வச்சிப் பாருங்க. தினமும் தண்ணி மாத்துங்க. என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லிருங்க, நல்லதோ கெட்டதோ." எது நல்லது எது கெட்டது என்று சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், வெயில் மண்டையில் இறங்கியது, ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் அலம்பிக் கால்மேல் கொட்டியது, வீட்டில் தெய்வானை கதவைத் திறந்ததும் என்ன என்று கேட்பாள், இதுதானா அது என்பாள், என்ன சொல்வேன், இது அதுவாக இருக்கலாம் என்பேன். கறுக்கும், நிச்சயம் கறுக்கும், வெட்டியவன் எனக்குத் தெரியாதா, என் வாயால் நானே சொல்லிவிட்டு வந்தேனே. சவுக்குத்தோப்பு நிழலில் நின்று வாளியைக் கீழே வைத்துக் குனிந்தேன். மணலுக்கு மேலே வால்நுனி மட்டும் தெரிந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. கறுத்துவிடாதே, என்றேன் அதனிடம்.